டாக்டரூட்டம்மா

மார்ச் 4, செவ்வாய்

கோயமுத்தூர் விமான நிலையத்தில் சோதனைக் கருவி என் நெஞ்சுக்கு நேரே வந்ததும் கத்தியது. சீருடை போட்ட பெண் என்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"உள்ள என்னம்மா?"

"தாலி."

"தாலிக்கெல்லாம் மெஷின் கத்தாதேம்மா."

"ஊக்குப் போட்டிருக்கறேன்."

"தாலிய எதுக்கும்மா ஊக்குப் போட்டு உள்ள மறைக்கிறீங்க? திருட்டுப் பயமா?"

ஆமாம் என்றேன். பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

பொழுது விடியும்போது கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தோம். ஜன்னல் சீட்டை டாக்டர் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வாயைத் திறந்தபடி தூங்கினார். தூங்கும்போது அவரைப் பார்த்தால் அறுபத்து நான்கு என்று சொல்ல முடியாது. விழித்திருக்கும்போது சொல்லலாம். அப்போது பயம் வந்து முகத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

போன மாதம் மருதமலையில் தாலி கட்டினார். பிறகு ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். என் பக்கம் டெலிபோன் ஆபீஸ் சிநேகிதி சரோஜினி, அவர் பக்கம் பழைய கம்பவுண்டர். வேறு யாருக்கும் தெரியாது. நான் மைசூரில் இருப்பதாக என் தம்பி குப்புராஜ் நினைத்துக்கொண்டிருக்கிறான். டாக்டர் ஹைதராபாத்தில் கால்நடை மாநாட்டில் இருப்பதாக அவர் மகன் பிரபாகர் நினைத்துக்கொண்டிருக்கிறான். "போயிட்டு வந்து நிதானமாச் சொல்லிக்கலாம் அம்மணி" என்கிறார் டாக்டர். எனக்கும் அவசரம் ஒன்றும் இல்லை. ஐம்பத்தேழு வயது வரைக்கும் வராத அவசரம் இனிமேல் எதற்கு?

பொள்ளாச்சியிலிருந்து சிங்கப்பூர் வருகிற யாரும் தமிழ்க் கடைகள் இருக்கிற தேக்காவில்தான் தங்குவார்களாம். டாக்டர் அங்கே வேண்டாம் என்று நகரத்து நடுவில் ஆற்றை ஒட்டிய ஹோட்டலாகப் பார்த்துப் போட்டிருக்கிறார். ஆற்றோரம் என்றால் காற்று வரும் என்று காரணம் சொன்னார்.

அறையின் ஜன்னலைத் திறக்க முடியாது. ஏசிதான்.

மார்ச் 5, புதன்

காலையிலேயே ஆற்றைப் பார்க்கப் போனோம். ஆறு என்றால் மணலும் நாணலும் இல்லை. இரண்டு பக்கமும் சுவர் கட்டி, படி வைத்து, நடக்கக் கல் பாவி, வரிசையாக மரம் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மூட்டை இறக்கிய கிட்டங்கிகளுக்கெல்லாம் இப்போது பச்சை, மஞ்சள், ரோஸ் என்று வர்ணம் அடித்துச் சாப்பாட்டுக் கடையாக்கிவிட்டார்கள். எங்கள் ஹோட்டல் இருக்கும் இடத்துக்குக் கிளார்க் கீ என்று பெயர். 'கீ' என்றால் படகுத்துறையாம். அங்கிருந்து பாலங்களுக்கு அடியில் நடந்துகொண்டே போனால் கடல் முகம் வரைக்கும் போய்விடலாம். காலையில் கடைக்காரர்கள் நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டு வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உலகத்து ஜனம் எல்லாம் கையில் போனுடன் நடக்கிறது. யாரும் யாரையும் முறைத்துப் பார்ப்பதில்லை.

ஒரு வளைவில் கூட்டம் கூடியிருந்தது. எட்டிப் பார்த்தால் நீர்நாய்கள். தாயும் தகப்பனும் குட்டிகளுமாகப் படியில் ஏறி, மீனை வைத்துக் கறுமுறு என்று தின்றுகொண்டிருந்தன. டாக்டருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. மண்டியிட்டு உட்கார்ந்து, "பாருங்க, அந்தக் குட்டிக்கு வலது முன்னங்காலுல அடி. ஆனா வைத்தியம் வேண்டியதில்ல, அதுவே நக்கி ஆத்திக்கும்" என்று பக்கத்தில் இருந்த ஜப்பான்காரிக்குத் தமிழிலேயே விளக்கினார். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

எனக்கு அவர் அறிமுகமானதும் இப்படி மண்டியிட்டிருந்தபோதுதான். எங்கள் தெருவில் ஒரு பசு பிளாஸ்டிக் பையைத் தின்று வயிறு ஊதி விழுந்து கிடந்தது. ரிட்டையர் ஆன மனிதர், யாரோ சொல்லி வந்தார். தெருவிலேயே அறுத்து வைத்தியம் பார்த்தார். குளுக்கோஸ் பாட்டிலைப் பிடிக்க ஆள் இல்லாமல் நான் மதியம் முழுக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கை வலிக்குதுங்களா மேடம்" என்று நடுநடுவே கேட்டார். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. பசு பிழைத்துக்கொண்டது.

நீர்நாய்கள் தண்ணீரில் இறங்கிப் போனதும் பக்கத்தில் நின்ற சென்னைக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவரும் மனைவியும் ஒரே நிறத்தில் பனியன் போட்டிருந்தார்கள்.

"சார், ஹஸ்பண்ட் அண்டு வைஃபா வந்திருக்கீங்களா?"

டாக்டர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இல்லீங்க. மேடம் எங்க ஃபேமிலி ஃப்ரெண்டுங்க."

யோசித்துப் பார்த்தால் பொய் இல்லை. ஃபேமிலியும்தான், ஃப்ரெண்டும்தான்.

அப்புறம் ஒரு தாத்தாவின் வண்டியில் ரொட்டித் துண்டில் மடித்த ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். என் தாடையில் ஒழுகியதைக் கர்ச்சீப்பால் துடைத்தார். துடைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

மதியம் நூடுல்ஸ். உப்பு சரியில்லை. பாதி வைத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

நாள் முழுக்க மழை. அவருடைய சட்டைகளையும் என் சேலையையும் குளியலறையில் அலசிப் போட்டேன். ஏசிக் காற்றில் காயவில்லை.

மார்ச் 7, வெள்ளி

காலையில் குப்புராஜ் வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டான். கேஸ் புத்தகத்தை எங்கே வைத்தேன் என்று கேட்டான். பீரோவில், அம்மா போட்டோவுக்குக் கீழே என்றேன். தோசை மாவு அரைப்பதற்கு உளுந்து எவ்வளவு போடுவேன் என்று வளர்மதி பின்னாலிருந்து கேட்கச் சொன்னாளாம். சொன்னேன். மைசூரில் குளிரா என்றான். குளிரவில்லை என்றேன்.

அவன் நல்லவன்தான். அப்பா போனபோது படித்துக்கொண்டிருந்தான். நான் அப்போதுதான் டெலிபோன் ஆபீசில் சேர்ந்திருந்தேன். அவன் படிப்பு, வேலை, கல்யாணம், அவன் மகன் படிப்பு, மகன் கல்யாணம், இப்போது மகனின் குழந்தை. பாப்பாவைத் தினமும் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது நான்தான். ஒவ்வொன்றும் முடிந்ததும் அடுத்தது வந்துவிட்டது. யார் மேலும் தப்புச் சொல்வதற்கில்லை.

சாயங்காலம் படகில் போனோம். மரப்படகு. கூரை ஓரத்தில் சிவப்புக் காகித விளக்குகள் தொங்கின. ஆற்றில் கிளம்பி, பாலங்களுக்கு அடியில் போய், தண்ணீர் கக்கும் சிங்கச் சிலையைப் பார்த்துவிட்டு, கடல் முகத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வரும். நாங்கள் முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் கை என் கை மேல் இருந்தது. படகு நகரப்போகும் நேரத்தில் மஞ்சள் தொப்பி போட்ட கூட்டம் ஒன்று தடதடவென்று ஏறியது. ஏதோ டூர் கோஷ்டி. அவர்கள் பேச்சைக் கேட்டதும் என் கை மேல் இருந்த கை போய்விட்டது. எங்கள் ஊர்ப் பேச்சு.

"ஏனுங்க, நம்ம மாட்டு டாக்டருங்களா?"

பேர் வேலாத்தாள், பொள்ளாச்சிக்குப் பக்கத்து நெகமம் என்று பிறகு தெரிந்தது. கோஷ்டியே நெகமத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள்.

"அட, வாங்க வாங்க" என்றார் டாக்டர். அவர் குரல் மேலே ஏறிவிட்டது.

"எங்கூட்டுச் செவலைக்குக் கன்னு குறுக்க நின்னப்ப நீங்கதானுங்களே எடுத்துவுட்டீங்க. இன்னைக்கும் உங்க பேரச் சொல்லித்தான் பால் பீச்சறோம். தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க."

வேலாத்தாள் என்னைப் பார்த்தார். "இந்தம்மா?"

"இவங்க நம்மூரு டெலிபோன் ஆபீஸ் மேடமுங்க. இங்க வழியில பாத்தேன்."

வேலாத்தாள் என் பக்கம் திரும்பினார். நானும் "ஆமாங்க, வழியிலதான்" என்றேன். 'லைன் கிடைக்கலீங்க, அப்பறம் கூப்பிடுங்க' என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன குரல் அது. அந்தக் குரலில் எதைச் சொன்னாலும் ஆள் நம்பிவிடுவார்கள்.

படகு ஓடிக்கொண்டே இருந்தது. நடுத் தண்ணீரில் எங்கே இறங்கிப் போவது? வேலாத்தாளுக்கு இடம் விட்டு நான் பின்வரிசைக்குப் போனேன். கட்டடங்களில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. தண்ணீர் முழுக்க நிறம். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். டாக்டரிடம் தங்களைக் கூட்டமாக எடுத்துத் தரச் சொன்னார்கள். அவர் போனைத் தூக்கிப் பிடித்து, "மேடம், நீங்களும் கொஞ்சம் உள்ள வாங்க" என்றார். ஓரத்தில் நின்றேன்.

அறைக்கு வந்ததும் என் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி வைத்தார். "கோவமா அம்மணி?"

"இல்லீங்க."

"அவிய வாயி பெருசு. நெகமம் பூராச் சொல்லிப்போடுவாங்க. பிரபாகருக்கு நான் சொல்றதுக்கு மின்ன அவனுக்குத் தெரிஞ்சு போச்சுன்னா..."

"சரிங்க."

ஊக்குக் குத்திய இடம் சிவந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் வைத்தேன். வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 8, சனி, காலை

அவர் குளித்துக்கொண்டிருக்கிறார். நான் ஆற்றோரம் நடக்கப் போகிறேன். சொல்லிவிட்டுப் போக வேண்டுமா என்று யோசித்தேன். வழியில் பார்த்த ஆளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

இந்த வரியை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். இருக்கட்டும்.

மார்ச் 8, சனி, மாலை

எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் எந்தப் பக்கம் என்றில்லாமல் நடந்தேன். வர்ணம் அடித்த கடைகள், குனிந்து போக வேண்டிய பாலத்தடி, மறுபடி கடைகள். கடைசியில் வெள்ளை இரும்புப் பாலம் ஒன்று வந்தது. கேவனா பாலம் என்று பெயர் போட்டிருந்தது. நடப்பவர்கள் மட்டும்தான் போகலாம். மாடும் குதிரையும் இந்தப் பாலத்தில் போகக் கூடாது என்று அந்தக் காலத்து அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது. டாக்டர் பார்த்தால் சிரிப்பார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

பாலத்தைத் தாண்டி அந்தக் கரையில் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வியர்வையில் ஊக்குக் குத்திய இடம் எரிந்தது. தாங்க முடியவில்லை. ஊக்கைக் கழற்றித் தாலியை வெளியே எடுத்து விட்டேன். மஞ்சள் கயிறு சேலை மேல் பளிச்சென்று கிடந்தது. எதிரில் போன வெள்ளைக்காரர்களும் சீனர்களும் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்காகவா இத்தனை நாள் குத்துப்பட்டேன் என்று தோன்றியது.

அப்போது குப்புராஜ் கூப்பிட்டான்.

"அக்கா, திங்கக்கெழமை பொழுதோட வந்துருவியல்ல? செவ்வாக்கெழமை நாங்க பூராப் பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போறோம். பாப்பாவ நீதான் பாத்துக்கோணும்."

"குப்புராஜு, நான் மைசூர்ல இல்ல."

"பின்ன?"

"சிங்கப்பூர்ல இருக்கறேன். கல்யாணமாயி வந்திருக்கறேன்."

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்கு."

லைன் போய்விட்டதா என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"யாரு ஆளு?" என்றான்.

"மாட்டு டாக்டர் தெய்வசிகாமணி."

"அக்கா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? இந்த வயசுல... ஊரு என்ன சொல்லும்?"

"என்ன சொல்லுதுன்னு நீயே கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு."

"நாங்க உன்னைய நல்லாத்தான வெச்சிருந்தோம்?"

நான் அழுதிருக்கலாம். அழுகை வரவில்லை. "வெச்சிருந்தீங்க. வயசு இருந்தப்ப, உனக்கு ஒண்ணு வேணுமான்னு யாரும் கேக்கல. நானும் வாயத் தொறக்கல. அதுல உம்மேல எனக்கு வருத்தமில்ல சாமி. இப்ப எனக்கு வேணும். அவ்வளவுதான்."

அவன் என்னென்னவோ சொன்னான். மாமன் பேர், சித்தப்பன் பேர், அவன் சம்பந்தி வீட்டின் கௌரவம். நான் குறுக்கே பேசவில்லை. எதிர்முனையில் கத்துகிறவர்களை முடிக்க விட்டுப் பேசுவது எனக்குப் பழக்கம்தான். ஓய்ந்ததும் சொன்னேன்.

"திங்கக்கெழமை நாங்க ரெண்டு பேரும் வர்றோம். மாடி ரூம்ல போட்டிருக்கற சாமானெல்லாம் எடுத்து ஒதுங்க வெச்சிரு. அங்கதான் இருப்போம்."

"அங்கெல்லாம் எப்படிக்கா?"

"வூடு நான் கட்டுனது குப்புராஜு."

இதைச் சொல்லும்போது என் குரல் ஏறவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். வளர்மதி போனை வாங்கினாள். மெதுவாக, அவன் காதில் விழாத மாதிரி, "அண்ணி, அவரு நல்லவருங்களா?" என்றாள்.

முப்பது வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட நல்ல கேள்வி அது. "நல்லவர்தான். ஒரு மாட்டத் தடவிக் குடுக்காம ஊசி போட மாட்டாரு. மனுசங்களப் பாத்தாத்தான் பயந்துக்குவாரு" என்றேன். அவள் சிரித்தது போல் இருந்தது. அப்புறம் மாடி ரூம் ஜன்னலுக்குக் கொக்கி இல்லை, மாற்றச் சொல்லட்டுமா, பாயா கட்டிலா என்று ஆரம்பித்தாள். பேச்சு நீண்டுகொண்டே போனது.

அவளிடம் பேசி முடிக்கும்போதுதான் எதிர்க்கரையில் சத்தம் கேட்டது.

"டாக்டரூட்டம்மோவ்..."

தோட்டத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கூப்பிடுகிற குரல். ஆற்றைத் தாண்டி, சாப்பாட்டுக் கடைகளின் பாட்டுச் சத்தத்தையும் தாண்டி வந்தது. பார்த்தால் அந்தக் கரை நெடுக மஞ்சள் தொப்பிகள். ஒருவர் படியில், ஒருவர் பாலத்தடியில், இரண்டு பேர் கடை நாற்காலிகளுக்கு நடுவில்.

"டாக்டரூட்டம்மோவ்... எங்கிருக்கறீங்கோ..."

எங்கள் பக்கத்தில் வாத்தியார் மனைவி வாத்தியாரூட்டம்மா. டாக்டர் மனைவி டாக்டரூட்டம்மா. பாவம், யாரோ ஒரு டாக்டரின் மனைவி காணாமல் போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். குரல் வேலாத்தாளுடையது என்று தெரிந்தது. அப்புறமும் எனக்கு உறைக்கவில்லை. கடைசியில் இன்னொரு குரல் வந்தது. உடைந்துபோன குரல்.

"திலகவதீ..."

அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டிருக்கிறார், அம்மணி என்று கூப்பிட்டிருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு நகரத்தின் நடுவில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், என் பெயர் தண்ணீர் மேல் போய்க்கொண்டிருந்தது.

டெலிபோன் ஆபீசில் சத்தமாகப் பேசினால் சூப்பர்வைசர் மேசையைத் தட்டுவார். முப்பத்தைந்து வருடம் தாழ்ந்த குரலில் பேசியே பழகிவிட்டேன். இன்று எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"இங்க இருக்கறனுங்கோ..."

இரண்டு கரையும் திரும்பிப் பார்த்தது. போய்க்கொண்டிருந்த படகில் இருந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே எனக்குக் கையாட்டினார்கள்.

அவர் பாலத்தில் ஓடி வந்தார். முழங்கால் வலிக்காரர், குளியலறைச் செருப்புடன், பொத்தானை மாற்றிப் போட்ட சட்டையுடன், தலை ஈரம் காயாமல். கிட்டே வந்ததும் மூச்சு வாங்க நின்றார்.

"எங்க போயிட்ட நீ? போன் போட்டாப் பிசி, போட்டாப் பிசின்னே வருது."

அவர் 'நீ' என்று சொன்னதும் முதல் தடவை.

"தம்பிகிட்டப் பேசிட்டு இருந்தேன். சொல்லிட்டேன்."

"பூராவுமா?"

"பூராவும்."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என் கழுத்தைப் பார்த்தார். அதற்குள் மஞ்சள் தொப்பிகள் பாலம் தாண்டி வந்து சூழ்ந்துகொண்டன. வேலாத்தாள்தான் நடந்ததைச் சொன்னார். அவர்கள் அந்தக் கரையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்களாம். டாக்டர் ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டாராம்.

"என்ர சம்சாரத்தக் காணோமுங்க, கொஞ்சம் தேடிக் குடுங்கன்னாரு. உங்க சம்சாரம் போயி அஞ்சாறு வருசமாச்சேன்னு நான் கேட்டனுங்க. போன மாசந்தான் கட்டிகிட்டேன், நேத்து படகுல பாத்தீங்கல்ல, டெலிபோன் மேடம், அவங்கதான்னாரு. அட, வழியில பாத்தவங்களான்னேன். வழியில பாக்கலீங்க, உங்களுக்குப் பயந்து பொய் சொல்லிட்டேன்னு அத்தன பேரு முன்னாடி சொல்லிப்போட்டு அழுகறாருங்க." வேலாத்தாள் டாக்டர் பக்கம் திரும்பினார். "எனக்கென்னத்துக்குங்க பயப்படறீங்க? நான் என்ன புலியா?"

"அதவிட மோசமுங்க" என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கூட்டம் சிரித்தது. வேலாத்தாள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"பிரபாகருக்கு இன்னும் சொல்லல" என்றார் டாக்டர் என்னிடம்.

"சொல்லுங்க. நான் இங்கயேதான் இருக்கறேன்."

அங்கேயே உட்கார்ந்து மகனைக் கூப்பிட்டார். கூட்டம் மரியாதைக்கு நாலடி தள்ளி நின்றது. காது மட்டும் இங்கேதான் இருந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பிரபாகரு, அப்பா ஹைதராபாத்ல இல்ல. நான் கல்யாணம் பண்ணிகிட்டேன். அவங்க பேரு திலகவதி. உன்ர அம்மா எடத்துக்கு வரல. எம்பக்கத்துல வந்திருக்கறாங்க" என்றார்.

மகன் பேசியது எனக்குக் கேட்கவில்லை. சீக்கிரமே போனை வைத்துவிட்டார்.

"கொஞ்சம் டைம் குடுங்கப்பான்னு சொல்றான்."

"டைம்தான கேட்டான்?" என்றார் வேலாத்தாள். "வேண்டான்னு சொல்லலையல்லோ. ஏந்திரிங்க, எல்லாரும் சாப்புடப் போலாம்."

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து நான் தனியாக இருக்கவே முடியவில்லை. வேலாத்தாள் தேக்காவிலிருந்து மல்லிகைச் சரம் வாங்கி வந்து, ஆற்றங்கரைப் படியில் என்னை உட்கார வைத்து, தன் சீப்பால் தலை வாரி, பூ வைத்துவிட்டார். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு கொரியாக்காரப் பெண் போட்டோ எடுக்கலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன்.

"உங்க பேரச் சொல்லிக் கூப்புட்டா டாக்டர் கோவிச்சுக்குவாருங்களா?" என்று வேலாத்தாள் கேட்டார்.

"அதுதான என்ர பேரு. கூப்புடுங்க."

சாயங்காலம் மறுபடியும் படகு. இந்தத் தடவை கோஷ்டி முழுக்க எங்களுடையது. டாக்டர் யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்துவிட்டார். டிக்கெட் கொடுத்த சீனப் பெண்ணிடம், "மை வைஃப்" என்றார். படகோட்டியிடம், "மை வைஃப்" என்றார். பின்வரிசையில் இருந்த ஆஸ்திரேலியாக்காரக் கிழவரிடம் நான்தான் பசுவுக்குக் குளுக்கோஸ் பிடித்தேன் என்று கைஜாடையோடு கதை முழுக்கச் சொன்னார். அந்தக் கிழவர் பால்பண்ணை வைத்திருக்கிறாராம். அப்புறம் இரண்டு பேருக்கும் மடிவீக்கம் பற்றியே பேச்சு. புது மாப்பிள்ளைக்கு வேறு பேச்சே கிடைக்கவில்லையா என்று பெண்கள் என்னைக் கேலி செய்தார்கள்.

படகு கடல் முகத்தில் திரும்பும்போது எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. படகோட்டி விஷயம் புரிந்துகொண்டு ஹாரனை நீளமாக அடித்தார். பக்கத்துப் படகும் பதிலுக்கு அடித்தது. எனக்குக் கல்யாணத்தில் மேளம் வைக்கவில்லை. மருதமலையில் அர்ச்சகர் மணி அடித்ததோடு சரி. இந்த இரண்டு ஹாரனும் போதும்.

போட்டோவுக்கு எங்களை நடுவில் நிற்க வைத்தார்கள். டாக்டர் தோளில் கை போட்டார். நான் விலகவில்லை.

இறங்கும்போது அவர் போனில் பிரபாகரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அவர் கண்ணாடி இல்லாமல் தடவினார். நான் வாங்கிப் படித்தேன். 'நாளைக்கு எத்தனை மணிக்கு இறங்கறீங்க? கார் கொண்டு வர்றேன்.'

திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

மார்ச் 10, திங்கள்

பிரபாகர் தகப்பனை விட உயரம். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திணறினான். "எம்பேரு திலகவதி. வாய்க்கு எது வருதோ அப்படிக் கூப்புடுப்பா" என்றேன். "வாங்க" என்றான். இப்போதைக்கு அது போதும். கிணத்துக்கடவு தாண்டும்போது காரை நிறுத்தி எனக்கு இளநீர் வெட்டி வாங்கி வந்தான். முதலில் எனக்குத்தான் கொடுத்தான்.

வீட்டு வாசலில் குப்புராஜ் நின்றுகொண்டிருந்தான். கேட்டைத் திறக்கவில்லை, பூட்டவும் இல்லை. டாக்டர் இறங்கினார். போன வாரத்து டாக்டராக இருந்தால் கார் அந்தப் பக்கமே நின்றிருக்கும். நேராக அவன் முன்னால் போய் நின்றார்.

"குப்புராஜுங்க, உங்க அக்காவ உங்களக் கேக்காமக் கட்டிகிட்டேன். உங்ககிட்டக் கேட்டிருக்கோணும். கேக்க தைரியமில்ல. இப்பக் கேக்கறேன்."

குப்புராஜ் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பூவைப் பார்த்தான், தாலியைப் பார்த்தான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். என்ன நினைத்தான் என்று தெரியாது. குனிந்து டாக்டர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"உள்ள வாங்க மச்சான்" என்றான். "வெயில்ல நிக்காதீங்க."

வளர்மதி ஆரத்தித் தட்டோடு படியில் காத்திருந்தாள். பாப்பா என் காலைக் கட்டிக்கொண்டு, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு யார் கூட்டிப்போவது என்று கேட்டது. "உங்க தாத்தன்" என்று குப்புராஜைக் காட்டினேன். "சரி, உட்டுட்டே கல்யாணத்துக்குப் போறேன்" என்றான் அவன்.

மாடி ரூமைக் கழுவி விட்டிருந்தார்கள். தரை இன்னும் ஈரமாக இருந்தது. சாமானெல்லாம் போன பிறகு நாலு சுவரும் நாலு பக்கம் விலகி நின்றன. டாக்டர் ஜன்னலைத் திறந்தார், காற்று வந்தது. இவ்வளவு பெரிய அறை என்று கட்டிய எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.